எந்தச் சங்கு என்று நான் கேட்கவில்லை

ஈசிஜி அறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் அண்ணே என்று நாலைந்து பேர் சேர்ந்து கேட்டீர்கள். இருபத்தேழு வருஷமாக நான் என்ன செய்தேன்? மனிதர்களின் நெஞ்சில் பசை தடவினேன், வயர் மாட்டினேன், பேசாமல் படுங்கள் என்றேன், தாளைக் கிழித்துக் கொடுத்தேன். போன தை மாதம் என் முதுகெலும்பு ரிட்டையர் ஆனது. அதை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் வேலைக்குப் போவது முறையில்லை என்பதால், ஐம்பத்திரண்டு வயதிலேயே நானும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான் என் சரித்திரம்.

மெஷினைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குப் பாஸ்வேர்டு கூட நீங்கள்தான் போட்டுக் கொடுத்தீர்கள்.

குழந்தைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரகடம் பக்கம் இருக்கிற நம் மாதிரி மருத்துவமனையில் ஒரு நாளைக்கு நாற்பது பெரியவர்களுக்கு ஈசிஜி எடுக்கலாம். ஒரு நாலு வயதுக் குழந்தைக்கு எடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். வயரைப் பார்த்தாலே பாம்பைப் பார்த்ததுபோலக் கத்தும். அதைப் படுக்க வைக்க நான் கண்டுபிடித்த ஒரே வழி ஜோக். என் தொப்பையைத் தட்டி, உள்ளே பாப்பா இருக்கிறது என்பேன். சிரித்துக்கொண்டே படுத்துவிடும். ஆனால் சிரித்தால் வயிறு குலுங்கும், தாளில் கோடு நடுங்கும், கடைசியில் ஒன்றும் தெரியாது. அழுகிற குழந்தையைச் சிரிக்க வைத்து, சிரிக்கிற குழந்தையைப் பயமுறுத்தி நிறுத்தி, இரண்டுக்கும் நடுவில் பத்து வினாடி கிடைத்தால் பட்டனை அழுத்துவேன். இதைத்தான் திறமை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

ஒருமுறை இடது கை வயரை வலது கையிலும் வலது கை வயரை இடது கையிலும் மாட்டி, ஒரு குழந்தைக்கு இதயம் வலப்பக்கம் இருப்பதாக நிரூபித்துவிட்டேன். சனிக்கிழமைதோறும் சென்னையிலிருந்து நம்மிடம் வரும் குழந்தைகள் இதய டாக்டரம்மா அந்தத் தாளைப் பார்த்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். குழந்தையின் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துக் கேட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"குழந்தைக்கு எல்லாம் சரியான இடத்துலதான் இருக்கு. உங்களுக்குத்தான் கை மாறியிருக்கு."

நான் சிரித்தேன், அவரும் சிரித்தார், குழந்தையும் பிழைத்தது. எல்லாத் தப்பும் இப்படி முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். இனி சொல்லப்போவது முடியாத ஒன்று.

ஐந்து வருஷம் முன்பு ஒரு திங்கட்கிழமை காலை, மாரீஸ்வரி என்ற பெண் தன் மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ராஜபாளையம் பக்கத்துக்காரி. கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் லைனில் வேலை. புருஷன் குருசாமி இன்னொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு தொழிற்சாலை மதிலை ஒட்டி வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை வீடுகளில் ஒன்றுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மகள் பவித்ராவுக்கு ஒன்பது வயது. அந்த மூன்று மாதத்தில் மூன்று முறை விழுந்திருந்தாள். கை கால் வெட்டி இழுத்ததால் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் வலிப்பு என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். கேட்காததால் நம் குழந்தைகள் டாக்டரிடம் வந்தாள். அவர் எதற்கும் ஒரு ஈசிஜி பார்த்துவிடலாம் என்று சீட்டெழுதி என்னிடம் அனுப்பினார்.

அறையில் கூட்டம். மாஸ்டர் செக்கப்புக்கு வந்த கம்பெனி ஆட்கள் ஏழெட்டுப் பேர் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சிஸ்டர் ஒருவர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நான் பவித்ராவின் காலில் கிளிப்பை மாட்டும்போது மாரீஸ்வரி மெதுவாகச் சொன்னாள்.

"மத்த நேரம் நல்லாத்தான் இருக்கா சார். சங்கு ஊதுனாத்தான் எந்திரிச்சு நின்னு விழுந்துர்றா."

நான் இந்த ஊர்க்காரன். எனக்குத் தெரிந்த சங்கு ஒன்றுதான். தெருமுனையில் பந்தல் போட்டு, பறையோடு சேர்த்து ஊதுவது. ஆள் காலி என்பதற்கே எங்கள் பக்கம் 'சங்குதான்' என்றுதான் சொல்வோம். வாய் சும்மா இருக்குமா?

"சங்கு ஊதிட்டா நானும் படுத்துக்கினுதாம்மா இருப்பேன். நாலு பேர் வந்து தூக்கினு போவாங்க."

சட்டையில்லாத ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். சிஸ்டர் சிரித்தார். மாரீஸ்வரியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தான் ஏதோ பட்டிக்காட்டுத்தனமாகப் பேசிவிட்டோம் என்ற சிரிப்பு அது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பவித்ராவும் சிரித்தாள். முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது. கோடு நடுங்கியது. மறுபடி எடுத்தேன், அப்போதும் உள்ளுக்குள் குலுங்கிக்கொண்டிருந்தாள். பரவாயில்லாமல் வந்த ஒன்றைக் கிழித்தேன். தாளின் தலையில் மெஷின் 'எல்லைக்கோட்டில் உள்ளது' என்ற அர்த்தத்தில் ஏதோ அடித்திருந்தது. ஓடியாடும் குழந்தைகளுக்கு மெஷின் அப்படி அடிப்பது சகஜம். குழந்தைகள் டாக்டரின் அறைக்கு வெளியே அன்று ஐம்பது குழந்தைகள். அவர் தாளைப் பார்த்தார், வலிப்பு மாத்திரையை மாற்றினார், மூளைக்கு ஒரு டெஸ்ட் எழுதினார்.

நம் ஈசிஜி சீட்டின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு கோடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். நோயாளியோ கூட வந்தவர்களோ சொல்வதை டெக்னீஷியன் எழுதுவதற்காக. என் சர்வீஸில் அந்தக் கோட்டில் நான் எழுதியதெல்லாம் டீ வாங்கப் போகிறவனிடம் சொல்லவேண்டிய கணக்குதான். அன்று அதில் ஒன்றுமே எழுதவில்லை.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பகல் பதினொன்றரை மணிக்கு எமர்ஜென்சியிலிருந்து மெஷினோடு வரச்சொன்னார்கள். தள்ளிக்கொண்டு போனேன். கட்டிலில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை. டியூட்டி டாக்டர் நெஞ்சை அழுத்தி அழுத்திக் களைத்து, கையை எடுத்துவிட்டு நின்றார். ஒரு டீச்சரம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். குழந்தையின் வலது கை மூடியிருந்தது. வயர் மாட்ட விரலைப் பிரித்தேன். உள்ளே ஒரு சாவிக்கொத்து.

வலிப்பு என்றால் கையில் இரும்பு கொடுப்பது நம் வழக்கம். அந்த டீச்சரை யாரும் குறை சொல்லாதீர்கள். பிள்ளைக்கு வலிப்பு உண்டு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தார்கள். சொன்னதை நம்பி, தன் வீட்டுச் சாவியை, பீரோ சாவியை, வண்டிச் சாவியை எல்லாம் சேர்த்துக் கொடுத்து, விரலை மூடிப் பிடித்துக்கொண்டு, வலிப்பு நிற்கும் என்று காத்திருந்திருக்கிறார். அந்த நேரத்தில் நெஞ்சை அழுத்தியிருக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது? பிறகு ஆட்டோ பிடித்து, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நுழைந்து நுழைந்து வந்திருக்கிறார்கள்.

தாளில் நேர்க்கோடு வந்தது. நடுக்கமே இல்லாத, சுத்தமான கோடு. அந்தக் குழந்தையிடமிருந்து நான் எடுத்த நல்ல ஈசிஜி அது ஒன்றுதான். பெயர் எழுத முகத்தைப் பார்த்தபோதுதான் பாதி முளைத்த பல் தெரிந்தது.

மாரீஸ்வரி லைனிலிருந்து தலையில் போட்ட நீலத் தொப்பியோடு ஓடிவந்தாள். அழுது ஓய்ந்து, தாழ்வாரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். போலீஸ் காகித வேலைக்காகக் காத்திருந்தார்கள். நான் அந்தப் பக்கம் மெஷினைத் தள்ளிக்கொண்டு போனபோது என்னைப் பார்த்துச் சொன்னாள். குரல் உயரவில்லை.

"இன்னைக்கும் சங்கு ஊதிருக்கு சார். அன்னைக்கே சொன்னேன்ல."

மெஷினை நிறுத்தினேன். "எந்த சங்கும்மா?"

"கம்பெனிச் சங்குதான். எங்க ஊர்ல மில்லுச் சங்கும்போம். நீங்க என்னமோ சொல்லுவீகளே, சைரனு."

அன்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த தொழிற்சாலையில் தீயணைப்பு ஒத்திகை. திடீரென்று சைரன் அலறியிருக்கிறது. பவித்ரா திடுக்கிட்டு எழுந்து நின்று விழுந்திருக்கிறாள். இதற்கு முன்பு மூன்று முறையும் விடியற்காலை ஷிப்ட் சைரனுக்குத் தூக்கிவாரிப்போட்டு எழுந்து விழுந்தவள். அந்த மதிலோரம் குடிவருவதற்கு முன்பு விழாதவள்.

இந்த இதயக் கோளாறைப் பற்றிப் படித்திருப்பீர்கள். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கம்பெனி பஸ் ஒவ்வொரு ட்ரிப்பும் ஆட்களை முழுசாக இறக்கிவிட்ட பிறகுதான் அடுத்த ட்ரிப்புக்கு ஏற்ற வேண்டும். இதயமும் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அப்படிக் காலியாகி, மறுபடி தயாராக வேண்டும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அந்த இறக்கம் மெதுவாக நடக்கும். தாளில் ஒவ்வொரு துடிப்பின் கடைசி மேடும் தள்ளிப்போய் விழும். மற்றபடி குழந்தை ஓடும், ஆடும், சண்டை போடும். பாதி இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு சத்தம், ஒரு பயம், ஒரு ஓட்டம் வந்து 'போலாம் ரைட்' என்று தட்டிவிட்டால், இறங்குகிறவனும் ஏறுகிறவனும் முட்டிக்கொள்வார்கள். இதயம் துடிக்காமல் நடுங்கும். மூளைக்கு ரத்தம் போகாது. குழந்தை விழும், கை கால் இழுக்கும். பார்க்கிறவருக்கு அது வலிப்பு.

அந்தக் கடைசி மேட்டைத்தான் நான் சிரிக்க வைத்துக் கலைத்திருந்தேன். அதை டாக்டருக்குக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய ஒரே வாக்கியத்தை, ஏழெட்டுப் பேர் கைதட்டலுக்காக வாங்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது கவனியுங்கள், ஏனென்றால் உங்களுக்கும் இந்த அரை மணி நேரம் ஒருநாள் வரும். மாரீஸ்வரி சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். சீட்டில் எழுத்தில்லை. நான் பேசாமல் இருந்தால் யாரும் என்னை ஒன்றும் கேட்கப்போவதில்லை. வேன் சொல்லியாயிற்று, சாயந்தரம் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் மாரீஸ்வரியின் மடியில் இன்னொரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. யாழினி, நாலு வயது. இந்தக் கோளாறு குடும்பத்தில் இறங்கி வருவது என்று சனிக்கிழமை டாக்டரம்மா பத்து தடவையாவது எனக்குச் சொல்லியிருக்கிறார். இவர்கள் ஊருக்குப் போனால் திரும்பி வருவார்களா, வந்தாலும் இந்த வாசலை மிதிப்பார்களா?

நான் ஒன்றும் உடனே வீரனாகிவிடவில்லை. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அங்கிருந்தே டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். ஜோக்கையும் சொன்னேன். அதுவரை நான் சொன்ன ஜோக்குகளில் யாரும் சிரிக்காத ஜோக் அது.

"அம்மா சொன்னதைச் சீட்டுல எழுதினீங்களா?"

"இல்ல மேடம்."

"இப்ப எழுதுங்க. அவங்க சொன்ன வார்த்தையிலேயே. அந்தச் சின்னக் குழந்தைக்கும் அப்பா அம்மாவுக்கும் ஈசிஜி எடுக்காம அனுப்பிடாதீங்க. டியூட்டி டாக்டர்கிட்ட நான் பேசறேன்."

டியூட்டி டாக்டர் வந்து எடுத்துச் சொன்னார். குருசாமி அவரைப் பார்க்கவில்லை, பின்னால் நின்ற என்னைப் பார்த்தான்.

"பெரியவளுக்குத்தான் ஒட்டிப் பாத்தீகளே. என்னத்தக் கண்டீக?"

டாக்டர் ஏதோ சொல்ல வந்தார். நான் முந்திக்கொண்டேன். "தப்பு என் மேலதாம்பா. உன் சம்சாரம் சரியாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் வெளங்கல." அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாரீஸ்வரிதான் எழுந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னால் அறைக்கு வந்தாள். யாழினி விழித்துக்கொண்டு வயரைப் பார்த்து வீறிட்டது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை அன்று செய்ய முடியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாரீஸ்வரி ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தானே கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

"மொதல்ல எனக்கு ஒட்டச் சொல்லுங்க. அவ பாக்கட்டும்."

சிஸ்டரை அழைத்து ஒட்டச் சொன்னேன். மகளைப் பறிகொடுத்து மூன்று மணி நேரமான தாய் அசையாமல், மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் படுத்திருந்தாள், சின்னவளுக்கு ஊசி இல்லை, வலி இல்லை என்று காட்டுவதற்காக. பிறகு யாழினி படுத்தது. அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு பேசாமல் கிடந்தது. குருசாமியும் கடைசியில் வந்து, சொல்லாமலே சட்டையைக் கழற்றினான்.

மூன்று தாளையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது. குருசாமிக்கு ஒன்றும் இல்லை. யாழினிக்குக் கடைசி மேடு நன்றாகத் தள்ளிப்போயிருந்தது. மாரீஸ்வரிக்கும்தான். முப்பத்தொரு வருஷமாக அந்த இதயத்தோடு மில் சங்குக்கு நடுவில் வளர்ந்திருக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஒருவரை விட்டு ஒருவரைப் பிடிக்கிறது என்பதற்கு டாக்டரம்மாவிடமும் பதில் கிடையாது.

ஊருக்குப் போவதற்கு முன்பே இருவருக்கும் மாத்திரை எழுதிக்கொடுத்து, எந்த மருந்துகளை வாங்கக்கூடாது என்று ஒரு பட்டியலும் கொடுத்தார்கள். சைரன் கேட்கிற வீட்டில் இனி இருக்கக்கூடாது, தூங்குகிற குழந்தையைச் சத்தம் போட்டு எழுப்பக்கூடாது என்றும் சொன்னார்கள். மாரீஸ்வரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வேன் கிளம்பும்போது என்னிடம் கேட்டாள்.

"அப்ப ஏங்கிட்டருந்துதான் அவளுக்குப் போச்சா சார்?"

டாக்டரம்மா வந்து சொல்வார் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். என் கோழைத்தனத்தை வரிசைப்படுத்தினால் அதற்குத்தான் முதலிடம். கருமாதி முடிந்து அவர்கள் திரும்பி வந்த சனிக்கிழமை, டாக்டரம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து ஒளிக்காமல் சொன்னார். ஆமாம், உங்களிடமிருந்துதான். நீங்கள் தெரிந்து கொடுக்கவில்லை. அன்றைக்கு நீங்கள் முதலில் ஏறிப் படுத்ததால்தான் சின்னவள் படுத்தாள், அதனால்தான் தெரிந்தது. மாரீஸ்வரி இரண்டாவதைக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது.

அதன்பிறகு நான் மாறிவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஜோக்கை விடவில்லை, விட்டால் குழந்தைகள் படுக்காது. வயர் மாட்டி முடிக்கும்வரைதான் ஜோக். பெற்றவர்கள் வாயைத் திறந்தால் என் வாய் மூடிவிடும். அவர்கள் விழுந்தாள் என்றால் 'விழுந்தாள்' என்றே எழுதுவேன், வலிப்பு என்று திருத்தமாட்டேன். புரியாத வார்த்தை வந்தால் வெட்கமில்லாமல் கேட்பேன். இந்தத் தொழிற்சாலைப் பக்கம் தூத்துக்குடிக்காரர், ஒடிசாக்காரர், பீகார்க்காரர் எல்லாரும் இருக்கிறார்கள். ஒரே வார்த்தைக்கு ஊருக்கு ஒரு அர்த்தம். எப்போது விழுந்தாள், அதற்கு முன் என்ன சத்தம், ஓடினாளா, பயந்தாளா, வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று போனார்களா என்று நாலைந்து கேள்வி. தாளின் தலையில் மெஷின் அடிக்கும் வாக்கியத்தைக் கடைசியில் படியுங்கள். கோடு கலங்கியிருந்தால், வெளியே எத்தனை பேர் சட்டையில்லாமல் நின்றாலும் மறுபடி எடுங்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் போய் நெஞ்சை அழுத்தக் கற்றுக்கொடுங்கள். நான் ஏழு பள்ளிக்குப் போனேன். அந்த டீச்சரம்மாவின் பள்ளிக்கு முதலில் போனேன். முன்வரிசையில் உட்கார்ந்து, பொம்மையின் நெஞ்சை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். போதும் டீச்சர் என்று நான்தான் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மாரீஸ்வரி குடும்பம் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வீடு மாறியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பேரும் செக்கப்புக்கு வருவார்கள். ஒருமுறை தனியாக இருந்தபோது அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று நான் சிரிக்காமல் இருந்திருக்க வேண்டும் என்றேன். அவள் யாழினியின் கவுன் பட்டனைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"நானுந்தான சார் சிரிச்சேன்."

நான் கடைசியாக யாழினிக்கு ஈசிஜி எடுத்தது, போன மார்கழியில். குழந்தை வளர்ந்துவிட்டாள். வயரைத் தானே வாங்கி, எது எங்கே என்று எனக்கே சொல்கிறாள். மாத்திரை ஒருநாள்கூடத் தவறவில்லை. ஒருமுறைகூட விழவில்லை. கோடு சுத்தமாக வந்தது. தாளைக் கிழித்து மாரீஸ்வரியிடம் கொடுத்து, இனி பயமில்லை, மாத்திரையை மட்டும் விடாதே என்றேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். யாழினி செருப்பு மாட்ட வெளியே போனதும், கதவைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"இந்த மாசத்தோட இவளுக்கு அக்காளவிட வயசு கூடிருச்சு சார். இதுக்கு மேல புள்ள வளத்து எனக்குப் பழக்கமில்ல."